ஒன்பது நாள் பிழை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.06.2024

அன்புத் தங்கச்சி ஷிஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மாப்பிள்ளை முனீப் தம்பியும் சுகமாய் இருக்க அல்லாஹ் உதவி செய்யட்டும். நான் உடம்பால் சுகம். மற்றதைக் கேட்காதே.

உன் மச்சான் மௌத்தாகி இன்றைக்குப் பத்து நாள். பத்து நாளும் போன் எடுத்துக் களைத்துவிட்டேன். அங்கே ஒருவர் அழுவார், நான் அழுவேன், பிறகு அவர் தன் வீட்டுக் கதையைத் தொடங்குவார். போனை மகள் மின்ஹாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்று மிஞ்சிக் கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். மகள் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். நீயும் அப்படியே எழுதி அனுப்பு. வாப்பா அடித்து அடித்துப் பழக்கிய கையெழுத்து நம் இரண்டு பேருக்கும் வீணாய்ப் போகக்கூடாது.

மாப்பிள்ளை மௌத்தானவளுக்கு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. முன்னறையில் இருக்கிறேன், வெள்ளை உடுத்தியிருக்கிறேன். மச்சானின் ராத்தா, அதுதான் என் மதினி பரீதா, சுவரில் கலண்டர் மாட்டி ஒக்டோபர் ஒன்பதில் வட்டம் போட்டிருக்கிறா. "அதுமட்டும் வாசப்படி தாண்டப்படாது. யன்னலால எட்டிப் பாக்கவும் படாது" என்றா. யன்னலால் பார்க்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும், அதனால் பார்க்கிறேன். இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் தெரிகிறது. முப்பது வருடம் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவரின் கடல்.

ஜனாஸாவுக்கு நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் மெக்சிக்கோவுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து நாளில் இது நடந்தது. தம்பிக்குப் புது வேலை. விளங்குகிறது. ஆனால் நான் வெளியே வரும் நாளைக்காவது பக்கத்தில் வந்து நில். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்திதான்.

அதுவரை அந்த மலையூரைப் பற்றி எழுது. நிறமாய் எழுது. இங்கே பார்க்கிறதெல்லாம் வெள்ளை.

துஆவுடன்,
ராத்தா றஹ்மா


குவானஹுவாத்தோ, மெக்சிக்கோ.
20.06.2024

அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்களுக்கும் மின்ஹாவுக்கும் அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு கொப்பி வாங்க இறங்கிப் போனேன். கடைக்காரனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவனுடையது தெரியாது. காற்றில் எழுதிக் காட்டித்தான் வாங்கினேன்.

நிறமாய் எழுதச் சொன்னீர்கள். எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மலை ஒரு பெரிய கோப்பை மாதிரிக் குழிந்து கிடக்கிறது. உள்பக்கம் முழுக்க வீடுகள். ஒன்று மஞ்சள், அடுத்தது நீலம், அதற்கடுத்தது பச்சை. யாரும் பக்கத்து வீட்டைப் பார்த்து நிறம் தெரிவு செய்ததாய்த் தெரியவில்லை. எங்கள் வீடு இளஞ்சிவப்பு, மேல்மாடி அறை. தெருவிலிருந்து எண்பத்திரண்டு படி. ஊர் நுவரெலியாவை விட உயரம், அதனால் நாற்பதாவது படியில் மூச்சு வாங்கும். கார்களைக் காணோமே என்று பார்த்தால் அவை நிலத்துக்குக் கீழே ஓடுகின்றன. முந்தி ஆறு போன வழியைச் சுரங்கப்பாதை ஆக்கியிருக்கிறார்கள்.

இங்கே இப்போது மாரி. காலையில் வெயில் எரிக்கும், மத்தியானம் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும், நாலு மணிக்கு ஊற்றும். ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல நின்றுவிடும். வீட்டுக்காரி கொன்சுவேலோ புளியம்பழத்தில் சீனியும் மிளகாயும் போட்டுப் பிசைந்த இனிப்பொன்று தந்தார். உங்களுக்குப் பிடிக்கும்.

முனீப் காலையில் சுரங்கத்துக்குப் போவார். அங்கே தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களை மாற்றுகிறார்கள். ஒக்டோபருக்கு நான் வருவேன் ராத்தா. டிக்கட் பார்ப்பதாய்ச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ஷிஃபானா


திருகோணமலை.
03.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் எப்படி? எண்பத்திரண்டு படி என்றதும் அதைத்தான் நினைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. எல்லோரும் புது உடுப்போடு வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கதைத்துவிட்டுப் போனார்கள். நான் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த கோப்பை மாதிரி இருந்தேன். மதினி எனக்கு இறைச்சியில் நல்ல துண்டாய்ப் பார்த்து எடுத்து வைத்தா. அப்போதுதான் அழுகை வந்தது. அந்தத் துண்டை எப்போதும் மச்சான்தான் எடுப்பார்.

வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டது. புழுதி. மான் ஒன்று வாசலில் வந்து நின்று, மின்ஹா உணக்கப் போட்ட துண்டைச் சப்பிவிட்டுப் போனது. மழை எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துவிட்டது, ஆகையால் மழையையும் எழுது.

ஒன்று சொல்லட்டுமா, சிரிக்காதே. உன் கடிதம் வந்த நாளில் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறிப் பார்த்தேன். நாற்பதாவது படியில் எனக்கும் மூச்சு வாங்கியது.

டிக்கட் எடுத்தாச்சா?

ராத்தா


குவானஹுவாத்தோ.
14.07.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். முழங்கால் நோகிறது, ஆனாலும் ஏறுகிறேன். நீங்களும் ஏறுவதாகச் சொன்ன பிறகு ஏறாமல் இருக்க ஏலுமா.

நேற்று உச்சிக்குப் போனோம். மேலே ஒரு பெரிய கற்சிலை நிற்கிறது, அதன் காலடியில் நின்றால் முழு ஊரும் தெரியும். வண்ணத் துணித்துண்டுகளைக் கொட்டிவிட்டு யாரோ பொறுக்க மறந்தது போல இருந்தது. இறங்கும்போது மழை பிடித்தது. படியெல்லாம் வாய்க்கால். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, சந்தைக்குள் புகுந்தேன். இரும்புக் கூரையில் மழை விழும் சத்தத்தில் யார் என்ன விலை சொன்னாலும் கேட்கவில்லை. சப்பாத்துக்கள்ளி மடல் மாதிரி ஒன்று, முள்ளைச் சீவி வைத்திருந்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன். பொரித்தால் வெண்டிக்காய்ச் சுவை.

முனீப் நனையாமல் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் பத்துப் படி முன்னால்தான் நடப்பார். "நீ ஒவ்வொரு கதவையும் பாத்துப் பாத்து வந்தா நான் என்ன செய்யிற" என்று கேட்டார். கதவுகளும் பார்க்கக் கூடியவைதான் ராத்தா.

டிக்கட் பற்றி இன்னும் கேட்கவில்லை. போனில் ஏதோ வேலையாய் இருக்கிறார். கேட்பேன்.

ஷிஃபானா


திருகோணமலை.
10.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு கிழமையாய் உன் கடிதம் இல்லை. மின்ஹா போன் எடுத்தாளாம், நீ எடுக்கவில்லையாம். ஆனால் அனுப்பிய செய்தியை நீ பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்ததாம், அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

கோபமா? ஜனாஸாவைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதியதற்காக இருந்தால், அதை வெட்டிவிடு. நான் அப்போது யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது, நீ தூரத்தில் இருந்தாய்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர் ஒன்பதாம் திகதி நான் வாசற்படியைத் தாண்டும்போது வெளியே எல்லாமும் இருக்கும், அவர் இருக்கமாட்டார். உள்ளே இருக்கும்வரை அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள முடிகிறது. அன்றைக்கு என் கையைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். மதினி பிடித்தால் இழுத்துக்கொண்டுதான் போவா.

எழுது.

ராத்தா


குவானஹுவாத்தோ.
16.08.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். சுணங்கியதற்கு மன்னியுங்கள். கோபம் ஒன்றும் இல்லை, வல்லாஹி. இங்கே மலைக்குள் சிக்னல் சரியில்லை. மின்ஹாவிடம் போன் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதுங்கள், அதுதான் எனக்கு நல்லம்.

மழை இப்போது முழுப் பலத்தோடு பெய்கிறது. எதிர் மலையில் நீல வீட்டுக்காரி மூன்றரைக்கே மாடிக்கு வந்து உடுப்புகளை எடுத்துவிடுவாள். அவள் எடுத்தால் அரை மணியில் மழை. மஞ்சள் மாதா கோயிலின் சிவப்புக் கூரை நனைந்ததும் கறுத்துப் போகும், வெயில் பட்டால் திரும்பச் சிவக்கும். கூரைகளில் நாய்கள் வாழ்கின்றன. அவை தெருவுக்கு இறங்குவதே இல்லை, மேலிருந்தே எல்லோருக்கும் குரைக்கும். பின்னேரத்தில் மாணவர்கள் பழைய காலத்து உடுப்புப் போட்டு, கிற்றார் அடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் போவார்கள். பாட்டு வாசலுக்கு நேரே பெரிதாய்க் கேட்டு, வளைவில் திரும்பியதும் குறைந்து போகும்.

இன்றைக்கு அரைச் சுண்டு அரிசி போட்டு ஆக்கினேன். பருப்பும் வைத்தேன். நீங்கள் தந்துவிட்ட, அரிசி அளக்கும் அந்தப் பழைய சுண்டை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன். நன்றாய்ச் சாப்பிடுகிறேன், யோசிக்க வேண்டாம்.

ஷிஃபானா


திருகோணமலை.
27.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கண்டு மனம் ஆறியது. மின்ஹா அதை மதினிக்கும் வாசித்துக் காட்டினாள். "கூரையில நாயா? அப்ப கூரை என்னத்துக்கு?" என்று மதினி கேட்டா. பதில் எழுது, அவ காத்திருக்கிறா.

முனீப் தம்பி எப்படி இருக்கிறார்? அவருக்கு என் ஸலாத்தைச் சொல்லு. டிக்கட் எந்தத் திகதிக்கு?

ராத்தா


குவானஹுவாத்தோ.
08.09.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்தானே.

மதினிக்குச் சொல்லுங்கள்: இங்கே கூரை எல்லாம் மட்டமானவை. நாயும் கறுத்த தண்ணீர்த் தாங்கியும் பூச்சட்டியும் அங்கேதான். நேற்றுக் காலை மூடுபனி இறங்கி, எதிர் மலை முழுவதும் மறைந்துவிட்டது. பத்து மணிக்கு முதலில் ஒரு ஆரஞ்சு வீடு வெளியே வந்தது, பிறகு ஊதா, பிறகு ஒவ்வொன்றாய். எண்ணிக்கொண்டு இருந்தேன். நாற்பத்தேழு வீடு. காய்கறி கொன்சுவேலோ கொண்டுவந்து தருகிறார். நல்ல மனுசி, கனக்கக் கேட்பதில்லை.

ராத்தா, ஒக்டோபர் ஒன்பதுக்கு என்னால் வர ஏலாது போல் இருக்கிறது. காரணம் கேட்காதீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஷிஃபானா


திருகோணமலை.
12.09.2024

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை மின்ஹா பார்க்கவில்லை. என் போனை அவளிடம் திரும்ப வாங்கிக்கொண்டேன், உன் பதிலும் இனி என் கைக்கே வரும். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நானே படமெடுத்தேன். மூன்றாம் தரம்தான் என் பெருவிரல் விழாமல் வந்தது.

உன் கடிதங்கள் முழுவதையும் போனில் எடுத்துத் திரும்ப வாசித்தேன். அரைச் சுண்டு அரிசி ஒரு ஆளுக்குத்தான் காணும். முனீப் தம்பி ஒருவரே ஒரு நேரத்துக்கு முக்கால் சுண்டு சாப்பிடுகிறவர், என் கையால் ஆக்கிப் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் பெயர் உன் கடிதத்தில் இல்லை. நான் ஸலாம் சொன்னேன், நீ அதற்கும் பதில் எழுதவில்லை.

அது ஒரு பக்கம். ஜூலையில் நீ படியில் ஏறினாய், நனைந்தாய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாய். அதற்குப் பிறகு உன் காலில் ஒரு படி கூடப் படவில்லை. எதிர் மலை, கூரை, தாங்கி, நீல வீட்டுக்காரி. பாட்டு வளைவில் குறைந்து போகும் என்று எழுதினாய். எனக்குத் தெரிந்த ஷிஃபானா அந்த வளைவுக்கு அப்பால் பின்னாலேயே போயிருப்பாள். சின்ன வயதில் குதிரை வண்டிக்குப் பின்னால் கின்னியா துறை வரைக்கும் போய்த் தொலைந்தவள் நீ.

நீ எழுதுவதெல்லாம் ஒரே யன்னலில் இருந்து, ஒரே கதிரையில் உட்கார்ந்து பார்த்தது. மற்றவர்களுக்கு அது விளங்காது. எனக்கு விளங்கும். மூன்று மாதமாய் நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

நோயா? அல்லது நான் நினைக்கிறதா? உண்மையை எழுது. நான் வெள்ளை உடுத்தியிருக்கிறேன் என்பதற்காக எனக்குச் செய்தியைப் பொத்திப் பொத்தித் தராதே.

ராத்தா


குவானஹுவாத்தோ.
16.09.2024

அன்பு ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் நினைக்கிறதுதான்.

ஜூலை பத்தொன்பதில் முனீப் அலுவலக வேலை என்று, நாங்கள் முன்பு இருந்த ரொறன்ரோவுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, போன் எடுத்தார். "எனக்கு இனி ஏலா ஷிஃபானா, நீ நல்லவதான்" என்றார். பிறகு தலாக் சொன்னார். மூன்று தரம் சொன்னார். பின்னால் ஒரு பெண் குரல் தண்ணீர்க் குழாயைப் பூட்டச் சொல்லிக் கேட்டது. அதிலிருந்து போனைக் காதில் வைக்க எனக்குக் கை வருவதில்லை. சிக்னல் நன்றாய்த்தான் இருக்கிறது.

அறை ஒக்டோபர் முடியும்வரை எங்களுடையது. நான் இங்கேயே இத்தா இருக்கிறேன். தலாக்கான எனக்கு இந்த வயதில் மூன்று மாதக் கணக்கு, பிறை பார்த்து எண்ணினால் ஒக்டோபர் பதினெட்டு. நீங்கள் சிரிப்பீர்கள். ரொறன்ரோவில் தலைமுடியைக் குட்டையாய் வெட்டிக்கொண்டு திரிந்தவள், ஒருவரும் அறியாத ஊரில் யாருக்காக இருக்கிறாள் என்று. எனக்காகத்தான் ராத்தா. இருபத்தாறு வருடம் ஒரு போன் பேச்சில் முடிந்துவிட்டது. பிள்ளையும் இல்லை, அழ வந்த சனமும் இல்லை. நானும் எழும்பிச் சந்தைக்குப் போயிருந்தால், அந்த இருபத்தாறு வருடம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

நேற்று இந்த நாட்டின் சுதந்திர நாள் கொண்டாட்டம். சதுக்கத்தில் முழு ஊரும் கத்தியது. நான் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் இதுதான். உங்களுடையது மௌத்து. அதற்கு முன்னால் என்னுடையதைக் கொண்டுவந்து வைக்க வெட்கமாய் இருந்தது. ஊரில் உங்களுக்கு எல்லோரும் துஆ செய்வார்கள். என்னைப் பார்த்து என்ன செய்வார்கள்? எந்த முகத்தோடு அந்த வாசலுக்கு வருகிறது? பதினெட்டாம் திகதி வெளியே போக வேண்டும் என்று இருக்கிறது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

மின்ஹாவுக்குச் சொல்ல வேண்டாம்.

ஷிஃபானா


திருகோணமலை.
10.10.2024

என் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சுணங்கிவிட்டது. உன் கடிதத்தை வாசித்து நான் அழுதேன். முனீப்பை ஏசினேன், இத்தாவில் இருந்து ஏசக்கூடாது என்று தவ்பாச் செய்தேன், பிறகு திரும்ப ஏசினேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அதுதான் வந்தது. அதனால் ஒரு காரியம் செய்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

முதலில் வாசலைப் பற்றி. இந்த வீட்டை உம்மா நம் இரண்டு பேரின் பெயரிலும்தான் எழுதினா. நம் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. பெட்டியோடு வந்தவர்கள் மாப்பிள்ளைமார்தான். உன் மச்சான் ஸைனுலாப்தீனும் பெட்டியோடுதான் வந்தார், முனீப்பும் உன்னைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகும்வரை பின்னறையில்தான் இருந்தார். பெட்டியோடு போகிறவர்களும் அவர்கள்தான். நீ வருவது வாழாமல் திரும்பி வருகிறது இல்லை. உன் வீட்டுக்கு நீ வருகிறாய். பின்னறையில் இருந்த நெல் மூட்டைகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று மின்ஹா கேட்டாள். "அறைக்குக் காத்துப் படோணும்" என்றேன்.

இனி நேற்றைய கதை. ஒன்பதாம் திகதி. காலையிலேயே மதினி வந்துவிட்டா. ஒழுங்கையில் உள்ள பெண்கள் எல்லோரும், இருபது பேர் இருக்கும். குசினியில் நெய்ச்சோறு கொதித்தது. மதினி பச்சைச் சேலை ஒன்று வாங்கி வந்திருந்தா, நல்ல சேலை. "எழும்பும், குளிச்சு உடுத்திட்டு வாரும்" என்றா.

நான் எழும்பவில்லை. கணக்கில் பிழை இருக்கிறது, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றேன்.

"ஆரு எண்ணின? நான்தானே எண்ணின" என்றா மதினி. கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து காட்டினா.

"மதினி, உங்கட எண்ணிக்கை சரி. நான்தான் இடையில ஒம்பது நாள் ஒருத்தருக்கும் தெரியாம வாசப்படி தாண்டிக் கிணத்தடிக்கு இறங்கினனான். அந்த நாளையும் இருந்து தீக்கோணும்" என்றேன்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், நான் கிணற்றடிக்கு ஒரு நாளும் இறங்கவில்லை. மதினி மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டா. அப்படி ஒரு சட்டம் இல்லை, வெளியே வரலாம் என்று மௌலவி சொல்லி அனுப்பினார். "சட்டம் இல்லாட்டியும் எனக்கு மனசு ஒப்பல்ல" என்றேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி, றஹ்மாவைப் போல மாப்பிள்ளையில் பாசம் வைத்தவள் இல்லை என்று கண்ணைத் துடைத்தாள். நெய்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். மதினி கோபத்தோடு போனா. மகள் ஒன்றும் கேட்காமல் பச்சைச் சேலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். அவளுக்கு ஏதோ விளங்கியிருக்கிறது, நான் சொல்லவில்லை.

என்னுடையது நேற்றோடு முடிந்துவிட்டது. இது உன்னுடைய கணக்கு. அழ ஒருவரும் வரவில்லை என்று எழுதினாய், எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் திகதி உனக்குப் பின்னேரம் ஆறு மணி, மழை விட்டிருக்கும். அப்போது இங்கே மறுநாள் காலை ஐந்தரை, நான் சுபஹ் தொழுது முடித்திருப்பேன். நீ படியால் இறங்கு, அதே நேரம் நானும் வாசலைத் தாண்டுகிறேன். எங்கே போவது என்று கேட்டாயே, பாட்டுக்காரருக்குப் பின்னால் போ. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார். ஊர் முழுவதையும் நடந்து பார்த்து முடித்த பிறகு டிக்கட்டை எடு, அவசரம் இல்லை.

அதுவரை இன்னும் எட்டு நாள் இருக்கிறது. பொழுது போகாவிட்டால் எழுது. நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

உன்,
ராத்தா